தங்க ரேக்கா, அச்சுப்படமா, கலம்காரியா: எந்தச் சுவருக்கு எது?

குடிபோன புதிதில் நாங்கள் வேலையைத் தலைகீழாகச் செய்தோம். முதலில் வண்ண அட்டையை விரித்துவைத்து, கூடத்தின் ஒரு சுவருக்கு மட்டும் அரக்குச் சிவப்பு என்று முடிவு கட்டினோம். அப்போது தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான்: மூன்று சுவர் சந்தன வெள்ளை, நான்காவது கண்ணைப் பறிக்கும். சுவர் காய்ந்த பிறகு, அதற்குப் பொருத்தமாக என்று ஒரு தஞ்சாவூர் ஓவியம் வந்தது. வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணர், பின்புலம் குங்குமச் சிவப்பு. மாட்டிய அன்றே கிருஷ்ணர் சுவருக்குள் போய்விட்டார். எதிரே பால்கனி இருந்ததால், படத்தின் கண்ணாடியில் கொடியில் காயும் துணிகள்தான் துலக்கமாகத் தெரிந்தன.

அன்று முதல் என் கட்சி ஒன்றுதான்: படத்தை முதலில் தேர்ந்தெடுங்கள், சுவரின் வண்ணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சுவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எப்படியும் பெயிண்ட் அடிக்கத்தான் போகிறோம். படம் அப்படி மாறுவதில்லை.

நம் வீட்டுச் சுவர்களுக்குப் போட்டியிடும் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: தஞ்சாவூர் ஓவியம், ரவி வர்மா அச்சுப்படம், இயற்கைச் சாயத்தில் கையால் எழுதிய கலம்காரித் துணி. மூன்றிலும் இருப்பவர்கள் ஏறக்குறைய அதே தெய்வங்கள்தான். ஆனால் எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பதில் மூன்றும் மூன்று திசை.

தஞ்சாவூர் ஓவியத்தைப் படம் என்பதைவிடப் புடைப்பு வேலை என்பதே சரி. மரப்பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த மாவை மெழுகி, நகையும் மண்டபத் தூணும் மேலெழும்பும்படி குழைத்து, கல் பதித்து, தங்க ரேக்கு என்னும் மெல்லிய தகடு ஒட்டி, கடைசியில்தான் வண்ணம் தீட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் பலாப் பலகை, இப்போது பெரும்பாலும் பிளைவுட். நாயக்கர் காலத்தில் வேர்விட்டு, மராட்டியர் ஆட்சியில், குறிப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்தில் செழித்த கலை இது. அப்போது ஏது டியூப்லைட்? எண்ணெய் விளக்கின் அசையும் சுடர் புடைப்பின் மேடுபள்ளங்களில் பட்டு, ரேக்கு ஒரு நேரம் மின்னியும் ஒரு நேரம் மங்கியும் தெரிவதில்தான் அதன் உயிர். நிழலே விழாத தட்டை வண்ணங்களை ஓவியர்கள் துணிந்து தீட்டியதும் அதனால் பொருந்திப்போகிறது. நிழலை விளக்கு பார்த்துக்கொள்ளும்.

இதைக் கொண்டுபோய் 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை வெளிச்சத்தில் மாட்டினால் தங்கம் பித்தளைபோல வெளிறிப்போகும். ஆகவே கூடத்துப் போட்டியில் தஞ்சாவூர் ஓவியத்துக்கு என் ஓட்டு இல்லை. விலை கொடுத்து வாங்கியதை விருந்தினர் பார்க்க வேண்டாமா என்று கேட்பார்கள். பார்க்கட்டும், பூஜை அறை வாசலில் நின்று பார்க்கட்டும். அங்கே 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து விழும்படி வையுங்கள். சுவருக்கு மயில்கழுத்து நீலமோ அடர்ந்த இலைப்பச்சையோ, பளபளப்பு இல்லாத பூச்சாக இருக்கட்டும். தங்கத்தோடு போட்டிக்கு வராத நிறங்கள் இவை. சிறிய அறைக்கு அடர் நிறம் ஆகாது என்று பெயிண்டர் தடுப்பார். பூஜை அறை விசாலமாகத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ரவி வர்மா படத்தின் கதை வேறு. அவர் மேற்கத்திய எண்ணெய் வண்ண முறையில், ஒளியையும் நிழலையும் படத்துக்குள்ளேயே தீட்டியவர். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுவீடாக அனுப்பிவைத்தார். வெளிச்சம் ஏற்கெனவே படத்துக்குள் இருப்பதால் நம் விளக்கை இது அதிகம் எதிர்பார்ப்பதில்லை. பகல் வெளிச்சம் பரவும் கூடத்தில் தஞ்சாவூரை இது வெல்வது இந்த ஒரு காரணத்தால்தான். ஆனால் சுவர் வண்ணத்துக்கு மூன்றிலும் இதுதான் அதிகம் அஞ்சும். உருவங்களின் உயிர் தோலின் நிறத்தில் இருக்கிறது. பளீர் சிவப்புச் சுவரில் மாட்டினால் அந்த முகங்களில் பச்சை ஏறி, காமாலை கண்டதுபோல ஆகிவிடும்.

இது பிரமை அல்ல. பாரிசின் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரோலிடம், கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று ஒரு புகார் வந்தது. ஆராய்ந்தால் சாயத்தில் குறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின. 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். நம் ஊர்ப் பட்டுப்புடவைக் கடையில் இதற்கு ஆராய்ச்சியே தேவைப்படாது. அதே அரக்கு உடல், பச்சைக் கரையோடு ஒரு அரக்கு, மஞ்சள் கரையோடு வேறொரு அரக்கு என்று புடவை எடுக்கப் போகிறவர்களுக்குத் தெரியும்.

எனவே ரவி வர்மாவுக்குச் சாம்பல் கலந்த மங்கலான பச்சை அல்லது வெந்தய நிறத்தின் வெளிர்ச் சாயல். மாட்டும் விதத்தைச் செட்டிநாட்டு வீடுகளிடம் கற்றுக்கொள்ளலாம். அங்கே பழைய படங்கள் உயரத்தில் முன்பக்கமாகச் சாய்ந்து தொங்கும். அண்ணாந்து பார்ப்பவர் முகத்துக்கு நேராகப் படம் திரும்புகிறது, கண்ணாடியில் ஜன்னலும் தெரிவதில்லை. சுவரோடு ஒட்டி மாட்டுவதானால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருக்கட்டும். சோபாவுக்கு மேலே என்றால், சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது படம் இருக்க வேண்டும். பெரிய சோபாவுக்கு மேலே தபால் அட்டை அளவுப் படம் தொங்கினால், காலண்டரை எடுத்துவிட்டு ஆணியை மறைத்ததுபோல இருக்கும்.

கலம்காரிக்குக் கண்ணாடியே வேண்டாம் என்பது முதல் வெற்றி. பிரதிபலிப்புத் தொல்லை இல்லை, படுக்கையறையின் எதிரொலியையும் துணி கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். காளஹஸ்தியில் இன்றும் மூங்கில் குச்சியில் பஞ்சோ துணியோ சுற்றிய எழுதுகோலால் கையால் வரைகிறார்கள். தஞ்சை வட்டாரத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்குத் தொம்பையும் (உருளையாகத் தொங்கும் அலங்காரத் துணி) விதானமும் எழுதும் மரபு உண்டு. துணியைக் கடுக்காயிலும் பாலிலும் நனைத்து எடுப்பார்கள். கறுப்புக்கு இரும்பும் வெல்லமும் ஊறிய நீர், நீலத்துக்கு அவுரி. இந்த நிறங்களில் கூச்சல் இல்லை. தூங்கும் அறைக்கு வேறென்ன வேண்டும்? தஞ்சாவூர் ஓவியத்தைப் படுக்கையறையில் மாட்டினால் யாரோ விழித்துக்கொண்டு நம்மையே பார்ப்பதுபோல இருக்கும். அந்தப் பெரிய கண்கள் அப்படி.

இதில் ஒரு கண்ணி உண்டு. எந்தப் படத்துக்கும் வெள்ளைச் சுவர் பத்திரம் என்று நம்புகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். தும்பைப்பூ வெள்ளைச் சுவரில் கலம்காரியைத் தொங்கவிட்டால், கடுக்காய் ஏறிய பழுப்புத் துணி துவைக்காத துணியாகவே தெரியும். சுவர் துணியைவிட ஒரு படி அடர்த்தியாக, செம்மண் அல்லது பாக்கு நிறத்தின் வெளிர்ச் சாயலாக இருந்தால் துணியே வெளுத்துப் பளிச்சிடும். மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் மட்டும் வேண்டாம். மாலை வெயில் இயற்கைச் சாயத்தைத் தின்றுவிடும்.

ஈரச் சுவரில் மூன்றுமே தோற்கும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் தஞ்சாவூர் ஓவியத்தின் மாவு வெடிக்கும், அச்சுத்தாள் நெளியும், துணியில் பூஞ்சணம் புள்ளிவைக்கும். அந்தச் சுவரை அலமாரிக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

வண்ணத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யாமல், சிறிய டப்பா வாங்கிச் சுவரில் இரண்டடிச் சதுரம் அடித்து, பக்கத்தில் படத்தைப் பிடித்துப் பாருங்கள். காலையில் ஒருமுறை, இரவில் விளக்கு போட்டு ஒருமுறை. எமல்ஷன் பெரும்பாலும் காய்ந்தால் ஒரு படி அடர்ந்துவிடும். ஈரத்தில் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். எங்கள் அரக்குச் சுவர் அப்படி வந்ததுதான்.

சமையலறைக்கு இந்த மூன்றில் எதுவும் வேண்டாம். தாளிப்புப் புகைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் நகைக்கடைக் காலண்டரே போதும். கோவில்பட்டி காலண்டர் ஓவியர் கொண்டையராஜு வழியில் வந்த முருகனோ லட்சுமியோ அதில் இருப்பார்கள், பால் கணக்கை ஓரத்தில் எழுதலாம், ஜனவரியில் புதிதாக ஒன்று வந்துவிடும்.