காவிரிக்கரையா, கொள்ளிடக்கரையா? திருச்சியிலிருந்து கடலுக்கு இரண்டு சைக்கிள் வழிகள்

திருச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே கடல் வரை மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களின் ஏற்றம் மட்டுமே உண்டு. ஆகவே காலில் வலு இருக்கிறதா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. எந்தக் கரையில் போவது என்பதில்தான் சண்டையே.

முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தை நடுவில் விட்டுவிட்டு, கல்லணை அருகே மறுபடியும் நெருங்கி வந்து, பிறகு பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகளைப் போல ஆளுக்கொரு பக்கமாகக் கடலுக்குப் போகின்றன. தெற்கே காவிரி வழி: கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார். வடக்கே கொள்ளிட வழி: லால்குடி, திருமழபாடி, திருமானூர், ஏலாக்குறிச்சி, தா.பழூர், கங்கைகொண்ட சோழபுரம், அணைக்கரை, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், பிச்சாவரம். சுற்றிப் பார்க்கத் திரும்பும் கிளை வழிகளையும் சேர்த்தால் இரண்டுமே ஏறக்குறைய 160, 170 கிலோமீட்டர் வரும். மூன்று நாள் வைத்துக்கொண்டால் நிதானமாக முடிக்கலாம். இரண்டு நாளில் முடித்தவர்களும் உண்டு. அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

பாகப் பிரிவினை நியாயமாக நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாசனத் தண்ணீர் காவிரிக்கு, வெள்ளம் கொள்ளிடத்துக்கு. கல்லணையின் வேலையே அதுதான்: தாழ்ந்து கிடக்கும் கொள்ளிடத்துக்குள் தண்ணீர் சரிந்து ஓடிவிடாமல் காவிரிக்குத் திருப்புவது. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த அணை இன்றும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு சைக்கிள் வழிகளின் குணமும் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. எந்தப் பக்கம் தண்ணீர் போனதோ அந்தப் பக்கம் ஊர்களும் கோயில்களும் போயின. எந்தப் பக்கம் மணல் போனதோ அந்தப் பக்கம் வெட்டவெளி போனது.

காவிரி வழியில் முதல் நாள் காலை, கல்லணையைத் தாண்டியதுமே நிழல் தொடங்கிவிடும். குறுகிய தார்ச்சாலை, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாழையும் நெல்லும். கேட்க இனிமையாக இருக்கிறது அல்லவா? அந்தக் குறுகிய சாலையில்தான் பஸ்ஸும் வருகிறது. பின்னால் ஹாரன் கேட்டால் இறங்கிவிட வேண்டும். வீரம் காட்ட இடமில்லை. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைப் பார்த்து, ஒரு கிண்ணம் அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டு, தஞ்சைக்குப் போவதா வேண்டாமா என்று யோசிப்பீர்கள். பெரிய கோயில் அங்கிருந்து 12 கிலோமீட்டர் போல இருக்கும். 1010இல் முடிந்த, 216 அடி விமானத்தைப் பார்க்காமல் போகிறோமே என்று மனம் அடித்துக்கொள்ளும். என் ஆலோசனை: போகாதீர்கள். தஞ்சைக்கு ரயிலில் தனியாக வரலாம். இந்த வழியில் சைக்கிளுக்கு மட்டுமே வாய்க்கும் துண்டு திருவையாற்றிலிருந்து சுவாமிமலை வரை உள்ள ஆற்றோரச் சாலை. அதைக் களைப்போடு, மாலை இருட்டில் கடப்பது பாவம்.

அந்தச் சாலையில் கணபதி அக்ரகாரம் வருகிறது. விநாயகர் சதுர்த்திக்கு வீட்டில் பிள்ளையார் வைக்காமல், ஊரே கோயிலுக்குப் போய்க் கும்பிடும் வழக்கம் உள்ள ஊர். அங்கிருந்து ஆற்றைக் கடந்து ஐயம்பேட்டைப் பக்கம் போனால் புள்ளமங்கை. முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். சுவரின் அடிப்பகுதியில் உள்ளங்கை அளவுச் சட்டங்களில் ராமாயணக் காட்சிகள் செதுக்கியிருக்கிறார்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால்தான் தெரியும். நான் போனது நண்பகல், பூட்டியிருந்தது. சைக்கிள்காரனுக்கும் கோயிலுக்கும் உள்ள பழைய பகை இது. நாம் வெயிலுக்குப் பயந்து விடியற்காலையில் மிதிக்கிறோம், ஓய்வு கிடைக்கும் 12 மணிக்குக் கோயில் நடை சாத்திவிடுகிறார்கள், 4 மணிக்குத் திறக்கும்போது அடுத்த ஊருக்குக் கிளம்பியாக வேண்டும். ஊருக்கு இரண்டு கோயில் இருக்கிற காவிரிக்கரையில் இந்தப் பகை முற்றிவிடும்.

சுவாமிமலையில் மட்டும் நேரம் பார்க்க வேண்டாம். சிற்பக் கூடங்களில் பகல் முழுவதும் வேலை நடக்கும். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். முதல் பூச்சுக்கு உகந்த அந்த மண் எதிரே ஓடும் ஆற்றில்தான் கிடைக்கிறது. காலையிலிருந்து என் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்ததும் அதே மண்தான் என்று அங்கே நிற்கும்போது உறைத்தது.

கும்பகோணத்துக்குப் பிறகு, உண்மையைச் சொன்னால், சைக்கிளுக்குச் சுவாரசியம் குறைவு. கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்தையும், வழியில் திருபுவனத்தையும் பார்த்துவிடலாம். மற்றபடி மயிலாடுதுறை வரை போக்குவரத்து நெரிசல்தான். ஆனால் ஒரு விசித்திரம் இங்கே கண்ணில் படும். ஆறுகள் கடலை நெருங்க நெருங்க அகலமாகும் என்று பள்ளியில் படித்தோம். காவிரி நேர்மாறு. குடமுருட்டி, அரசலாறு என்று கிளைகளுக்குக் கொடுத்துக் கொடுத்து, பூம்புகார் பக்கத்து மேலையூர்க் கடைமடைக் கதவணைக்கு வரும்போது வாய்க்காலைப் போல ஆகிவிடுகிறது. மூன்று நாள் ஓர் ஆற்றின் கூடவே வந்து, அது வயல்களுக்குள் கரைந்து போவதைப் பார்ப்பது வேறெந்த வண்டியில் போனாலும் கிடைக்காத அனுபவம். காரில் வந்தால் ஆறு எங்கே போயிற்று என்றே தெரியாது.

கொள்ளிட வழியில் ஆறு கரைவதில்லை. அரை மைல் அகலத்துக்கு மணலாகக் கிடக்கிறது. லால்குடியிலிருந்து சிதம்பரம் போகும் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டால் வேகமாகப் போகலாம், ஆனால் அது ஆற்றை விட்டு விலகிக் கல்லக்குடி, கீழப்பழுவூர் என்று சிமெண்ட் லாரிகளின் பாதையில் போகிறது. சுண்ணாம்புக்கல் பூமி, கடல் இருந்த காலத்துப் புதைபடிவங்கள் கிடைக்கும் மண். பார்க்க வேண்டியதுதான், ஆனால் சைக்கிளில் அல்ல. கரையோரக் கிராமச் சாலைகளை விசாரித்து விசாரித்துப் போங்கள். திருமழபாடி சுந்தரர் பாடிய தலம். நந்தி திருமணம் நடக்கும் ஊர். அதற்கும் கிழக்கே ஏலாக்குறிச்சி. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரோடு தொடர்புடைய அடைக்கல மாதா கோயில் அங்கே இருக்கிறது. சதுரகராதி என்ற தமிழ் அகராதியைத் தந்த அவர் நடமாடிய ஊருக்கு வேர்த்து வழிந்துகொண்டு போய்ச் சேர்வது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

போய்ச் சேர்வதற்குள் ஒரு கதை நடந்தது. திருமானூரைத் தாண்டிக் கரைமேல் மண்பாதையில் ஆசையாக ஏறினேன். சீமைக்கருவேல முள். பின்சக்கரம் இறங்கியது. மாற்று டியூப் போட்டேன். இரண்டு கிலோமீட்டரில் அதுவும் இறங்கியது. ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டு போனபின் டிராக்டர் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை ஒன்று கிடைத்தது. அலுமினியச் சட்டியில் டியூபை முக்கிக் குமிழி பார்த்தார் பெரியவர். ஒட்டி முடித்து அப்படியே மாட்டிவிடுவார் என்று பார்த்தால், டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துணி மாட்டியது. "தம்பி, டியூபை எத்தனை மாற்றி என்ன? முள் டயருக்குள்ளேயே இருக்கிறது" என்று இடுக்கியால் அரை அங்குல முள்ளைப் பிடுங்கி என் கையில் வைத்தார். வாங்கியது நாற்பது ரூபாய். காவிரிப் பக்கம் என்றால் எந்தக் கடைத்தெருவிலும் பஞ்சர் ஒட்டலாம், எந்த நேரமும் காபி கிடைக்கும், கும்பகோணத்தில் எத்தனையோ லாட்ஜுகள். இந்தப் பக்கம் ஜெயங்கொண்டத்தை விட்டால் தங்க இடம் தேட வேண்டும், குடிக்க மூன்று லிட்டர் தண்ணீராவது முதுகில் இருக்க வேண்டும், நிழல் அரிது.

இத்தனை கஷ்டத்துக்கும் ஈடு கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சை விமானம் நிமிர்ந்து நிற்கிறது என்றால், ராஜேந்திரன் கட்டிய இந்த 180 அடி விமானம் உள்வாங்கி வளைந்து நிற்கிறது. சண்டேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றும் சிற்பத்தின் முன் அரை மணி நேரம் நான் ஒருவனாகவே நின்றேன். சுமார் இரண்டரை நூற்றாண்டு சோழர் தலைநகராக இருந்த இடம் இப்போது ஒரு கிராமம். சுற்றுமதில் எங்கே என்று கேட்பீர்கள். பத்து கிலோமீட்டர் தெற்கே இறங்கி அணைக்கரைக்குப் போனால் பதில் இருக்கிறது. 1836இல் ஆங்கிலேயர் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது மதிலின் கற்களைப் பெயர்த்து அதில் வைத்துவிட்டார்கள். காலையில் இல்லாத மதிலைப் பார்த்துவிட்டு, மாலையில் அந்தக் கல்லின்மேல் சைக்கிள் ஓட்டிக் கடப்பது இந்த வழியில் மட்டுமே முடியும். (தண்ணீரைப் பார்த்துக் குளிக்க இறங்கிவிடாதீர்கள். அணைக்கரைக்குக் கீழே முதலைகள் உண்டு.) அங்கிருந்து வடவாற்றுக் கால்வாய் போகும் பக்கமாகவே போனால் வீராணம் ஏரி, அதன் நீண்ட கரையில் காலை வேளையில் மிதிப்பது சுகம்.

காலம் பார்க்காமல் கரை பார்ப்பதில் பயனில்லை. தை, மாசியில் வெயில் தணிவு. ஆனால் காற்று வடகிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும். சம்பா அறுவடை வேறு. காவிரிப் பக்கத்துச் சாலைகளில் பாதியைக் கல் வைத்து மறித்து நெல் காய வைத்திருப்பார்கள். கபிஸ்தலம் அருகே சாலையில் பரப்பியிருந்த வைக்கோல்மேல் ஓட்டி, பின் கியரில் அது சுற்றிக்கொண்டு, ஒவ்வோர் இழையாகப் பிடுங்கினேன். ஆடியில் வெயில் 37 டிகிரி தொடும், ஆனால் மேல்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். அம்மியையே பறக்க வைக்கும் காற்றுக்குச் சைக்கிள் எம்மாத்திரம்? வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்த வருடமாக இருந்தால் காவிரியில் தண்ணீரும் ஓடும்.

திரும்பி வருவதில் வித்தியாசமில்லை. மயிலாடுதுறையிலும் சிதம்பரத்திலும் ரயில் உண்டு; சைக்கிளைப் பார்சலில் போட்டுவிடலாம்.

கல்லூரி முடித்த என் அக்கா மகன் முதல் பயணத்துக்கு வழி கேட்டான். தையில் காவிரிக்கரை, கும்பகோணத்தில் இரண்டு இரவு, புள்ளமங்கைக்கு மாலை 4 மணிக்குமேல் போ என்று எழுதிக் கொடுத்தேன். நான் ஆடிக்காகக் காத்திருக்கிறேன், கொள்ளிடத்துக்கு. டயர் இரண்டையும் தடிமனானதாக மாற்றியாகிவிட்டது. பெரியவர் பிடுங்கிக் கொடுத்த முள் இன்னும் என் கருவிப் பையில்தான் கிடக்கிறது.