எத்தனை சதவீதம் என்பதைவிட எப்போது வரும் என்பதே கேள்வி: வேளாண் பட்டதாரிக்கும் சிறு, குத்தகை விவசாயிக்கும் உள்ள திட்டங்கள், ஓர் ஒப்பீடு

வேளாண் முகாமில் கையில் திணிக்கப்படும் துண்டறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது 44, 36, 35, 30, 3 என்ற எண்கள்தான். பெரிய எண்ணைப் பார்த்து விண்ணப்பம் போடுகிறவர்கள்தான் பெரும்பாலும் வங்கி வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பணம் எந்தக் கட்டத்தில் வரும், அதற்கு யார் பெயரில் உள்ள காகிதம் வேண்டும் என்ற இரண்டையும் முதலில் கேட்டுவிட்டால், பாதித் திட்டங்கள் தாமாகவே கழன்றுவிடும்.

பட்டதாரிக்கு: 20 லட்சம் ரூபாய்த் திட்டம் ஒன்று

ஒப்பிட வசதியாக எல்லாவற்றையும் 20 லட்சத்தில் வைத்துப் பார்ப்போம்.

வேளாண் மருத்துவ மையம், வேளாண் வணிக மையம் அமைக்கும் மத்திய அரசுத் திட்டம் 2002 ஏப்ரலில் தொடங்கியது. பயிற்சிப் பொறுப்பு ஐதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற வேளாண் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துக்கு, மானியப் பொறுப்பு ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டுக்கு. வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை, மீன்வளம் போன்ற துறைகளில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் 45 நாள் தங்கிப் படிக்கும் பயிற்சிக்குப் போகலாம். கட்டணம் இல்லை. பயிற்சி முடிந்த பிறகு ஓராண்டுக்குப் பயிற்சி நிறுவனமே கைகொடுக்க வேண்டும் என்பது விதி. இதைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. தனிநபருக்கு 20 லட்சம், ஐந்து பேர் குழுவுக்கு 1 கோடி வரையிலான திட்டங்களுக்கு மானியம் உண்டு. பொதுப் பிரிவுக்கு 36 சதவீதம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 44 சதவீதம். நம் கணக்கில் அது 7.2 லட்சம் அல்லது 8.8 லட்சம்.

ஆனால் அந்த 7.2 லட்சம் உங்கள் கைக்கு வராது. அது பேக் எண்ட் மானியம். சொந்தப் பணம் 2 லட்சம், வங்கிக் கடன் 18 லட்சம் என்று வையுங்கள். கடை திறப்பதும் இயந்திரம் வாங்குவதும் இந்த 20 லட்சத்தில்தான். நபார்டு அனுப்பும் மானியம் வங்கியில் தனிக் கணக்கில் நிற்கும். அந்தத் தொகைக்கு வங்கி வட்டி போடாது. குறைந்தது மூன்று ஆண்டுகள் அங்கேயே இருந்து, கடைசித் தவணைகளில்தான் கழியும். இடையில் தொழிலை மூடினாலோ கடன் வாராக்கடன் ஆனாலோ மானியம் திரும்பிப் போகும். இன்னொன்று, மானியம் வங்கிக்கு வந்து சேரும் வரை முழுக் கடனுக்கும் வட்டி ஓடும். 10.5 சதவீத வட்டி என்றால் 7.2 லட்சத்துக்கு மட்டும் மாதம் 6,300 ரூபாய். ஆறு மாதம் தாமதமானால் 37,800. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இந்தத் தொகைக்கு ஒரு வரி இருக்க வேண்டும். பெரும்பாலான அறிக்கைகளில் இருக்காது. மானியம் முதல் மாதமே வந்துவிட்டதுபோல் கணக்குப் போட்டிருப்பார்கள்.

உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான திட்டத்தில், அதாவது பி.எம்.எஃப்.எம்.இ.யில், 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். பட்டம் தேவையில்லை. 20 லட்சத்துக்கு 7 லட்சம் வரும் என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். மானியம் கணக்கிடப்படுவது இயந்திரத்துக்கும் தொழில்நுட்பக் கட்டுமானத்துக்கும் மட்டுமே. நிலத்தின் விலை சேராது, நடைமுறை மூலதனம் சேராது, கட்டுமானம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மரச்செக்கு எண்ணெய் அலகு ஒன்றில் 20 லட்சத்தில் 5 லட்சம் நிலக்கடலை, எள் கொள்முதலுக்கு என்றால், மானியம் 15 லட்சத்துக்குத்தான்: 5.25 லட்சம். எண்ணெய்த் தொழிலில் பணம் முடங்குவதே அறுவடைக் காலத்தில் சரக்கு வாங்கி வைப்பதில். அந்த இடத்துக்கு இந்தத் திட்டம் உதவாது, தனியாக சி.சி. கணக்கு, அதாவது வேண்டும்போது எடுத்துக் கட்டும் நடைமுறை மூலதனக் கடன், கேட்க வேண்டும். திட்டச் செலவு சுமார் 28.5 லட்சத்தைத் தாண்டினால் 10 லட்சம் வரம்பு இடிக்கும்; 40 லட்சத்துக்குப் போட்டால் உண்மையில் கிடைப்பது 25 சதவீதம்தான். இதிலும் மூன்று ஆண்டு பூட்டு உண்டு. விண்ணப்பம் தயாரிக்க மாவட்ட வளப் பயிற்றுநர் இருக்கிறார். அவருக்கான ஊதியத்தை அரசே கொடுக்கிறது. விண்ணப்பதாரர் எதுவும் தர வேண்டியதில்லை.

வேளாண் உட்கட்டமைப்பு நிதி 2020ல் வந்தது. 3 சதவீத வட்டிச் சலுகை என்றதும் பலர் துண்டறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். 20 லட்சம் கடனை ஏழு ஆண்டுகளில் சம அசலாகக் கட்டினால் 3 சதவீதச் சலுகையின் மொத்த மதிப்பு சுமார் 2.1 லட்சம். 7.2 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதுதான். ஆனால் சலுகை 2 கோடி வரையிலான கடனுக்கு உண்டு, கடன் உத்தரவாதக் கட்டணத்தை அரசு கட்டுகிறது, மூன்று ஆண்டு பூட்டு என்ற பேச்சே இல்லை. கிடங்கு, தரம் பிரிக்கும் கூடம், உலர்களம், குளிர்பதன அறை போன்ற அறுவடைக்குப் பிந்தைய வேலைகளுக்குத்தான் இது. ஊறுகாய் போடும் அலகு மட்டும் என்று கேட்டால் ஏற்க மாட்டார்கள். தனித்து நிற்பதைவிட, இதைப் பி.எம்.எஃப்.எம்.இ.யோடு சேர்த்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டையும் இணைக்க விதியே இடம் தருகிறது. இரண்டு திட்டங்களிலும் கடன் வழங்க அறிவிக்கப்பட்ட காலம் 2025-26 வரை. அதனால் விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் நீட்டிப்பு நிலவரத்தை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் கேட்டுவிடுங்கள்.

தமிழக அரசின் 2025-26 வேளாண் பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட முதல்வரின் உழவர் நல சேவை மையங்கள் நான்காவது வழி. 10 முதல் 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 30 சதவீதம், அதாவது 3 முதல் 6 லட்சம். 36க்குக் குறைவுதான். ஆனால் 45 நாள் வெளியூரில் தங்க முடியாதவர், குறிப்பாகக் கைக்குழந்தையோடு இருக்கும் பெண் பட்டதாரி, இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். தங்க முடிந்தால், அவருக்கே உரிய 44 சதவீதத்தை விட்டு 30க்குப் போவதில் அர்த்தமில்லை.

எந்த வழியில் போனாலும் பட்டதாரிகளை முதல் ஆண்டில் கவிழ்ப்பது ஒரே விஷயம்: இடுபொருள் கடையில் கடன் வியாபாரம். உரம், விதை, பூச்சிமருந்து மூன்றுக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். வேளாண் பட்டம் இருந்தால் கல்வித் தகுதிக்குத் தனியாகப் பட்டயம் படிக்க வேண்டியதில்லை. அது சாதகம். ஆனால் சம்பா நடவில் கொடுத்த உரத்துக்கு அறுவடை முடிந்துதான் காசு வரும், வங்கித் தவணையோ மாதாமாதம். ஆகவே தவணையை அறுவடையை ஒட்டி அரையாண்டுக்கு ஒருமுறை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கடன் அனுமதிக் கடிதம் வருவதற்கு முன் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு, கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் சிரிப்பார்கள். கிளை மேலாளருக்குத் திட்டமே தெரியவில்லை என்றால் வாதாட வேண்டாம். நபார்டின் மாவட்ட வளர்ச்சி மேலாளரைப் பார்த்து, வழிகாட்டு நெறிகளின் நகலோடு திரும்பிப் போங்கள்.

சிறு விவசாயிக்கு: கூட்டுறவா, வங்கியா?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. வங்கியின் கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4. ஒரு லட்சத்துக்கு ஆண்டு வித்தியாசம் 4,000 ரூபாய்.

கணக்கில் கூட்டுறவுதான் ஜெயிக்கும். நடைமுறையில் வங்கி அட்டைக்கும் ஒரு பலம் உண்டு: ஐந்து ஆண்டுக்கு ஒரே வரம்பு, வேண்டும்போது எடுத்து, வேண்டாதபோது போட்டு வைக்கலாம், எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. கூட்டுறவில் ஒரு பகுதி உரமாகவே வரும். ஒவ்வொரு பருவத்துக்கும் சிட்டா, அடங்கல் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. நெல் மட்டும் போடுகிறவருக்குக் கூட்டுறவு போதும். மாடும் வைத்திருப்பவர் வங்கி அட்டையைப் பார்க்கலாம், ஏனென்றால் கால்நடைக்கும் மீன் வளர்ப்புக்கும் 2 லட்சம் வரை அதே வட்டிச் சலுகை உண்டு. அதற்கு நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி உத்தரவும் இருக்கிறது.

இரண்டிலும் பொதுவாக நடக்கும் தவறு, வட்டியை மட்டும் கட்டிவிட்டுப் ‘புதுப்பித்தாயிற்று’ என்று நினைப்பது. கெடுவுக்குள் அசலும் கட்டப்பட்டால்தான் சலுகை. 3 லட்சத்தில் ஒரு நாள் தவறினாலும் 9,000 ரூபாய் போச்சு. அசலைக் கட்டிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சில நாளுக்குக் கைமாற்று வாங்குவதுகூட லாபம்தான்.

சொட்டுநீரும் டில்லரும்

தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு 5 ஏக்கர் வரை சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. பவர் டில்லர் போன்ற வேளாண் கருவிகளில் ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிக்கு வழக்கமான 50க்கு மேல் மாநிலத்தின் கூடுதல் 20 சேர்ந்து 70 சதவீதம். கையில் காசு இல்லாதவருக்கு இரண்டுக்கும் இடையே மலையளவு வேறுபாடு. சொட்டுநீரில் மானியம் நேராக நிறுவனத்துக்குப் போகிறது, விவசாயி பணம் புரட்ட வேண்டியதில்லை. டில்லரில் 30 சதவீதமாவது முன்பணம். முழு விலையையும் முதலில் கட்டி மானியத்தைக் கணக்கில் வாங்க வேண்டுமா என்று வேளாண் பொறியியல் அலுவலகத்தில் முதலிலேயே கேட்க வேண்டும். ஆம் என்றால், கந்துவட்டிக்கு வாங்கிய பணத்தில் அந்த 70 சதவீதம் கரைந்துவிடும்.

சொட்டுநீரில் பணம் தப்பினாலும் வேலை கெட வாய்ப்புண்டு. கிணற்று நீரில் உப்பு அதிகமென்றால் சொட்டுவானின் வாயில் வெள்ளையாகப் பூத்து அடைக்கும். வடிகட்டியைக் கழுவிக் காட்டி, கடைசி வரிசைக் குழாயின் முனையைத் திறந்து தண்ணீர் ஒரே வேகத்தில் வருகிறதா என்று பார்க்கும் வரை நிறைவுச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டுவிட்டால் நிறுவனத்துக்கு மானியம் போய்ச் சேரும், ஆள் வருவது குறையும்.

பட்டா தாத்தா பெயரில், நிலம் அடுத்தவர் பெயரில்

இந்த 100ம் 70ம் எட்டாமல் போவது விளம்பரம் போதாததால் அல்ல. கூடுதல் 20 சதவீதத்துக்குச் சாதிச் சான்றோடு சிறு, குறு விவசாயி சான்றும் வேண்டும். அந்தச் சான்றைத் தாசில்தார் தருவது பட்டாவை வைத்து. பட்டா தாத்தா பெயரில் கிடந்தால், வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, சர்வேயர் அளந்து உட்பிரிவு, பிறகு பெயர் மாற்றம் என்று வேலை நீளும். கூட்டுப் பட்டாவில் ஒருவர் வெளியூரில் இருந்தாலே நின்றுவிடும். இதை முகாம் வரும்போது தொடங்கினால் அந்த ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிடும்.

குத்தகைதாரருக்கு இன்னும் சிக்கல். பி.எம். கிசானின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நில உரிமையாளருக்கே. சொட்டுநீரில் குத்தகை நிலத்துக்கு இடம் உண்டு, ஆனால் குறைந்தது ஏழு ஆண்டு ஒப்பந்தம் வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் ஏழு ஆண்டுக் காகிதம் யார் தருவார்? 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, ஓராண்டுக்கே கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள் நிலக்காரர்கள்.

அதனால் குத்தகைதாரருக்கு மானியத் திட்டங்களைவிட, சேர்ந்து வங்கிக் கடன் வாங்கும் கூட்டுப் பொறுப்புக் குழுதான் நடக்கிற வழி. 4 முதல் 10 பேர், ஒருவருக்கொருவர் ஜாமீன், சொத்து அடமானம் இல்லை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கடனும் நிற்கும் என்பதால் பத்துப் பேரைத் திரட்டுவதைவிட, ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் ஐந்து பேர் நல்லது. யார் விளைச்சல் எப்படி என்பது கண்ணுக்குத் தெரியும். உறவினர்களையே சேர்த்தால் வங்கி மறுக்கும்.

கோயில் நிலத்தில் சாகுபடி செய்பவர் நிலை கொஞ்சம் மேல். குத்தகை ரசீது அவர் பெயரில் இருக்கும், அதைக் காட்டிக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரைப் பதியச் சொல்லலாம். ரசீதில் இருப்பது இறந்துபோன அப்பாவின் பெயர் என்றால் அடங்கலுக்கு முன் அதை மாற்ற வேண்டும். குத்தகை பாக்கி இருந்தால் கோயில் அலுவலகம் பெயர் மாற்றத்தை எடுக்காது. பாக்கி கட்டும் நாளிலேயே மாற்ற மனுவையும் கொடுத்து, மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.