கோல்பி ஏ தேர்வு: கூட்டாளி சேர்க்குமுன் எழுதிப் பார்க்கலாம்

கோல்பி ஏ என்பது, ஒருவர் வேலையை இயல்பாக எப்படித் தொடங்குவார் என்பதை அளக்கும் தேர்வு. எழுதி முடிக்கப் பெரும்பாலும் அரை மணி நேரம்கூட ஆகாது. விலை ஐம்பது அமெரிக்க டாலருக்கு மேல். கடன் அட்டையில் கட்டினால் வங்கியின் செலாவணிக் கட்டணமும் சேரும். சிங்கப்பூர் அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்கு உரியது, ஆகவே அதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இவ்வளவு கொடுத்தால் கையில் கிடைப்பது முக்கியமாக நான்கு எண்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்குப் போட்ட காசு வீண்போகாது. எந்தத் தொழில் எனக்கு ஒத்துவரும் என்று கேட்டுக்கொண்டு போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

இதை உருவாக்கிய கேத்தி கோல்பியின் தந்தை வொண்டர்லிக். 12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்டு அறிவுத்திறனை அளக்கும் ஆள்தேர்வுச் சோதனை அவருடையது. மகள் வேறு திசையில் போனார். ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரர், என்ன குணம் என்பதை விட்டுவிட்டு, தன்போக்கில் விட்டால் வேலையை எந்த முனையிலிருந்து தொடங்குவார் என்பதை மட்டும் அளக்க முயன்றார்.

மொத்தம் 36 கேள்விகள். ஒவ்வொன்றிலும் நான்கு விடைகள் இருக்கும். மிகவும் பொருந்துவது ஒன்று, கொஞ்சமும் பொருந்தாதது ஒன்று என இரண்டைக் குறிக்க வேண்டும். முடிவு 7-4-8-1 என்பதுபோல வரும். முதல் எண் ஃபேக்ட் ஃபைண்டர்: தகவலை எவ்வளவு ஆழமாகத் தோண்டுகிறீர்கள். இரண்டாவது ஃபாலோ த்ரூ: வேலையை வரிசைப்படுத்தி ஒழுங்கு அமைப்பது. மூன்றாவது குவிக் ஸ்டார்ட்: நிச்சயமில்லாத நிலையிலும் இறங்கிப் பார்ப்பது. நான்காவது இம்ப்ளிமென்டர்: கையாலும் கருவியாலும் செய்வது. இந்தக் கடைசிப் பெயர்தான் பலரைத் தடுக்கி விழவைக்கிறது. காரியத்தை முடித்துக் கொடுப்பவர் என்று அதற்குப் பொருள் கொண்டு, 1 வாங்கியவர் தன்னை உதவாக்கரை என்று நினைத்துக்கொள்வதுண்டு. மாதிரி செய்து பார்க்காமலே மனத்தில் உருவம் கொண்டுவரக் கூடியவர் என்பதுதான் அங்கே 1-இன் பொருள்.

குறைந்த எண்களை எல்லாம் இப்படித்தான் படிக்க வேண்டும். ஃபேக்ட் ஃபைண்டரில் 2 என்றால் பத்துப் பக்கத்தை மூன்று வரியாகச் சுருக்குகிறவர். ஃபாலோ த்ரூவில் 2 என்றால் நடுவில் திட்டம் மாறினாலும் பதறாதவர். குவிக் ஸ்டார்ட்டில் 2 என்றால் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கெடுக்காமல் காப்பவர். 4 முதல் 6 வரை இருப்பவர் இரு பக்கமும் வளைந்து கொடுப்பார். 7 அல்லது அதற்கு மேல் போனால், யாரும் கேட்காமலே அந்த வேலையைத் தொடங்கிவிடுவார்.

தேர்வு கெடுவது பெரும்பாலும் எழுதுகிறவர் கையில். வருடாந்தர மதிப்பீடு முடிந்த சூட்டில், அலுவலக மடிக்கணினியில் உட்கார்ந்து எழுதினால் மேலதிகாரிக்குப் பிடித்த விடைகளே விழும். அட்டவணையும் கெடுவுமாக ஓடும் நம் ஊர் அலுவலகங்களில் ஃபாலோ த்ரூ விடைகளுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. கை தானாக அங்கே போகும். விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அறிக்கை தெளிவான முடிவு தராமல், 'டிரான்சிஷன்' நிலையில் இருப்பதாகச் சொல்லும். எனவே வேலைக்கு விடுப்பு எடுத்த நாளில், வீட்டில் எழுதுவது நல்லது. ஆங்கிலச் சொற்றொடர் புரியாவிட்டால் அகராதியைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரை விளக்கச் சொன்னால் பாதி விடை அவருடையதாகிவிடும்.

எங்கள் பார்வையில், இந்தத் தேர்வு விலைக்கு ஈடுகொடுப்பது கூட்டாகத் தொழில் தொடங்கும்போதுதான். தேக்காவில் உணவுக் கடையோ, சிராங்கூன் சாலையில் துணிக்கடையோ, நண்பர்கள் இருவர் சேர்ந்து போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் குவிக் ஸ்டார்ட் 8, மற்றவர் 3. ஒரே எண்ணில் இருவருக்கும் நான்கு அல்லது அதற்கு மேல் இடைவெளி இருந்தால் உரசல் வரும் என்பது கோல்பி கணக்கு. புதுப் பட்டியல், புது விலை, இரண்டாவது கிளை என்று ஒருவர் ஓட, மற்றவர் முதல் கடையின் வாடகையையே எண்ணிக்கொண்டிருப்பார். இது முன்கூட்டியே தெரிந்தால் பிரிய வேண்டியதில்லை. எந்த முடிவை யார் எடுப்பது, எவ்வளவு வெள்ளிக்கு மேல் இருவரும் கையெழுத்துப் போடுவது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். கூட்டாண்மையில் கடைக்காக ஒருவர் பட்ட கடனுக்கு மற்றவரின் சொந்தச் சேமிப்பும் பதில் சொல்ல வேண்டும் என்பதை நினைத்தால், இந்தப் பேச்சு கடைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே நடக்க வேண்டியது.

குவிக் ஸ்டார்ட்டில் இருவருமே 8 என்பது இன்னும் ஆபத்து. ஒத்துப்போகிறது என்று மகிழ்ச்சியாக இருக்கும். ஊழியர்களின் மத்திய சேம நிதிச் சந்தாவை மறு மாதம் 14-க்குள் கட்டுவது, உரிமம் புதுப்பிப்பது, சரக்குக் கணக்கு எல்லாம் அநாதையாகக் கிடக்கும். அங்கே மூன்றாவது கூட்டாளியைத் தேடுவதைவிட, ஃபாலோ த்ரூ உயர்ந்த ஒருவரைப் பகுதிநேரக் கணக்கராக வைத்துக்கொள்வது மலிவு.

தனியாகத் தொழில் செய்கிறவருக்கு இவ்வளவு பயன் இல்லை. தனி உரிமையாளர் வணிகத்தை ஓராண்டுக்குப் பதிவு செய்யவே 115 சிங்கப்பூர் வெள்ளிதான் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் ஒரு தேர்வுக்குக் கொடுப்பது அவசியமா என்று யோசிக்கலாம். இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு போதும். நாள் முடிவில் செய்த வேலைகளை எழுதி, யாரும் சொல்லாமல் தொடங்கியதற்கு ஒரு குறி, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்கு வேறொரு குறி போடுங்கள். நன்றாகச் செய்தேனா என்று பார்க்க வேண்டாம். பிடிக்காத வேலையையும் பல வருடப் பழக்கத்தில் அழகாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். திறமையைப் பார்த்தால் இயல்பு மறைந்துவிடும்.

எந்தத் துறை என்பதே கேள்வியானால் வேறு கருவி வேண்டும். உளவியலாளர் ஜான் ஹாலந்தின் ஆறு ஆர்வ வகைகளை வைத்து அமெரிக்கத் தொழிலாளர் துறை நடத்தும் ஓ-நெட் ஆர்வச் சோதனையின் குறும்பதிப்பு 60 கேள்விகள், இலவசம். அது காட்டும் சம்பளமெல்லாம் அமெரிக்காவுக்கானது. வேலைப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சிங்கப்பூரின் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் வேலைத் தளத்தில் இங்கே என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஊழியரணி சிங்கப்பூர் அமைப்பின் வேலை ஆலோசகரை இலவசமாகச் சந்திக்கலாம்.

கோல்பி மீது ஒரு புகாரும் உண்டு. இந்த எண்கள் பிறவியிலேயே அமைந்தவை, வாழ்நாள் முழுக்க மாறாதவை என்று நிறுவனம் அடித்துச் சொல்கிறது. அதற்குக் காட்டும் ஆய்வுகளில் பெரும்பகுதி நிறுவனத்தின் சொந்த வெளியீடுகள். எனவே ஆளெடுப்பதற்கு இதை மட்டும் நம்புவது சரியல்ல. பேச்சைத் தொடங்க உதவும் தாளாக வைத்துக்கொண்டால் நியாயம்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில் இருப்பவர்கள் அதில் குறிப்பிட்ட முதலாளிக்கு மட்டுமே வேலை செய்யலாம். பக்கத்தொழில் யோசனையோடு இதை வாங்க வேண்டாம். அவர்களுக்குப் பொருத்தமானது, ஏ-யோடு சேர்த்து எழுதும் கோல்பி பி. இந்த வேலை என்னிடம் என்ன கேட்கிறது என்று நீங்கள் நினைப்பதை அது அளக்கும். அதை ஏ முடிவுக்குப் பக்கத்தில் வைத்தால், எந்த எண்ணில் நான்கு இடைவெளி விழுகிறதோ அந்த வேலையைச் சக ஊழியரோடு மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். மேலதிகாரியும், அந்த வேலையில் தான் எதிர்பார்ப்பதைச் சொல்லும் கோல்பி சி படிவத்தை நிரப்பச் சம்மதித்தால், வேலையைப் பற்றி இருவரும் நினைப்பது ஒன்றுதானா என்பதும் வெளியே வரும்.