நெல்லை வெயிலில் இனிப்பு கிரேப் ஃப்ரூட்: ஒரு புறவாசல் மரத்தின் நல்லதும் கெட்டதும்

எங்கள் பக்கத்து வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. கிரேப் ஃப்ரூட் மரத்துக்கோ அந்த வெயில்தான் தோது. பழத்தின் புளிப்பைக் குறைப்பது வெப்பம். குளிர்ந்த ஊரில் முகத்தைச் சுளிக்க வைக்கிற அதே ரகம், சூடான ஊரில் மரத்திலேயே நின்று முற்றினால் சர்க்கரை தொடாமல் சாப்பிடும் பதத்துக்கு வந்துவிடுகிறது. சிவப்புச் சுளை ரகங்களுக்குக் கூடுதலாக இன்னொரு லாபமும் உண்டு. தக்காளிக்கு நிறம் தரும் லைக்கோபீன்தான் இந்தச் சுளைக்கும் நிறம் தருகிறது. அது வெப்பத்தில் நன்றாகச் சேரும். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தை ஒட்டிய எங்கள் வீட்டின் புறவாசலில் 2017இல் வைத்த ஒட்டுக்கன்று இப்போது மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்க்கிறது. இதை வைக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கன்றைச் செங்கோட்டைச் சாலையில் ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கினேன். அட்டையில் 'இனிப்பு கிரேப் ஃப்ரூட்' என்று இருந்ததே தவிர ரகத்தின் பெயர் இல்லை. கேட்டதற்கு "வெளிநாட்டு ரகம்" என்பது மட்டுமே பதில். விலை மட்டும் எலுமிச்சைக் கன்றைப் போல ஐந்து மடங்கு. பப்ளிமாஸ் கன்றுக்கே பெயரை மாற்றி விலையை ஏற்றி விற்பதும் நடக்கிறது. இரண்டும் நெருங்கிய உறவு என்பதால் சின்னக் கன்றில் ஏமாறுவது எளிது. 18ஆம் நூற்றாண்டில் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படாஸில் பப்ளிமாஸும் ஆரஞ்சும் தாமாகவே கலந்து பிறந்ததுதான் கிரேப் ஃப்ரூட். பப்ளிமாஸின் இளந்தளிர்த் தண்டைத் தடவினால் மெல்லிய பூமயிர் தட்டுப்படும். இலைக்காம்பின் இருபுறமும் உள்ள சிறகு நன்றாக அகன்றிருக்கும். காய் பெரும்பாலும் தனித்தனியாகத் தொங்கும். கிரேப் ஃப்ரூட்டின் தளிர்த் தண்டு வழவழப்பாக இருக்கும், சிறகும் சிறியது, காய்கள் கிளை நுனியில் கொத்தாகப் பிடிக்கும். எங்கள் மரம் இந்தச் சோதனைகளில் எல்லாம் தேறிவிட்டது.

'இனிப்பு கிரேப் ஃப்ரூட்' என்று உலகச் சந்தையில் பேர்போனது ஓரோபிளாங்கோ. கலிபோர்னியாவில் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் புளிப்பில்லாத பப்ளிமாஸையும் வெள்ளை கிரேப் ஃப்ரூட்டையும் 1958இல் இணைத்து உருவாக்கியது. அதற்கு வெள்ளைச் சுளை, விதை கிடையாது. இஸ்ரேலில் அதையே 'ஸ்வீட்டி' என்று விற்கிறார்கள். எங்கள் மரத்துச் சுளை இளஞ்சிவப்பு, பழத்துக்கு நாலைந்து விதை. ஆகவே அது இதுவல்ல. பஞ்சாபில் வளர்க்கும் ரெட் பிளஷ் மாதிரியான ரகம் என்றே கொள்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அட்டையில் உள்ள 'இனிப்பு' என்ற சொல்லை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் சாதாரண சிவப்பு ரகமே இனிக்கும், தண்ணீரும் பறிக்கிற நேரமும் சரியாக அமைந்தால்.

முதல் மூன்று ஆண்டுகள் பராமரிப்பு மட்டுமே, பலன் எதுவும் இல்லை. வயல்மண் களி, மழையில் தண்ணீர் நிற்கும். எலுமிச்சைக் குடும்பத்து வேருக்கு அது ஆகாது என்பதால் குழியை ஆழமாகத் தோண்டாமல், செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி, ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேல் நன்றாகத் தெரியும்படி நட்டோம். தளிர் விடும்போதெல்லாம் இலைத் துளைப்பான் புழு வெள்ளிக் கோடு போட்டு இலையைச் சுருட்டியது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு வேறு. சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே தெரியும்; வளர்ந்தபின் பச்சை. தொட்டால் தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். என் மகளுக்கு அது பெரிய வேடிக்கை. புழுக்களைப் பொறுக்குவது அவளுடைய வேலையானது. இலைத் துளைப்பானுக்கு வேப்பங்கொட்டைக் கரைசலை மாலையில், தளிர் வந்த உடனே தெளித்தால் பலன் உண்டு. இலை சுருண்ட பிறகு தெளிப்பது வீண்.

ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் போத்துகளை விடவே கூடாது. வேர்ச்செடி பெரும்பாலும் முள் நிறைந்த காட்டு எலுமிச்சை வகை. அதன் போத்து மேல் மரத்தைவிட வேகமாக வளரும். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால், நீங்கள் வளர்ப்பது எது என்றே தெரியாமல் போகும்.

முதல் காய்ப்பைப் பார்த்து மரத்தை எடை போடாதீர்கள். எங்களுக்கு வந்த முதல் பழங்களில் தோல் ஒரு விரல் கனம், உள்ளே சாறு குறைவு, கசப்பு தூக்கல். இளமரத்துக்கு அது இயல்பு. வெறுத்துப்போய் மரத்தை வெட்டியவர்களை எனக்குத் தெரியும். அடுத்தடுத்த காய்ப்பில் தோல் தானாக மெலிகிறது.

இனித் தண்ணீர் விஷயம். இந்த மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் உருப்படியானது இதுதான். குளிர்நாடுகளில் எலுமிச்சைக் குடும்பத்து மரங்களுக்குக் குளிர்காலம்தான் ஓய்வு. அது முடிந்ததும் பூக்கும். நமக்குக் குளிர்காலம் ஏது? நம் ஊரில் அந்த ஓய்வைத் தருவது வறட்சி. தினமும் தண்ணீர் காட்டும் வீட்டில் மரம் பச்சைப் பசேலென்று இலையாக வளரும், ஆண்டு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும், எதுவும் உருப்படியாகப் பழுக்காது. என் மனைவியின் பெரியப்பா புளியங்குடியில் எலுமிச்சை போட்டிருப்பவர். எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன ஊர்க்காரர், சும்மா சொல்லமாட்டார். மரத்தைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, குழாயை மூடும். வாடினால்தான் இது பூக்கும்" என்றார். நாகபுரி ஆரஞ்சுத் தோட்டங்களில் பகார் என்ற பெயரில் செய்வதும் இதே வேலைதான்.

எந்த மாதம் நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தை மாதத்தில் காயவிட்டு மாசியில் நீர் பாய்ச்சினால் நன்றாகவே பூக்கும். ஆனால் பழம் முற்றுவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் வந்து நிற்கும். அந்த மழைத் தண்ணீரைக் குடித்த பழம் பெரிதாக இருக்கும், சுவை நீர்த்திருக்கும். வைகாசியில் நிறுத்தி, மலையில் சாரல் கட்டும் ஆனி மாதத்தில் மறுபடி நீர் காட்டினால் பழம் மாசி, பங்குனியில் வருகிறது. அப்போது வானம் காய்ந்திருக்கும், பகலில் வெயில் ஏறியிருக்கும். இந்த இரண்டு பழத்தையும் அடுத்தடுத்துத் தின்றவர்கள் ஒரே மரம் என்று நம்பமாட்டார்கள்.

வைகாசி முறைக்கு ஒரு விலை உண்டு. பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது ஆடிக் காற்று வந்துவிடும். கணவாய் வழியாக இறங்குகிற அந்தக் காற்று எங்கள் பக்கத்தில் வாழையையே சாய்க்கும். பிஞ்சுகளில் பாதிக்கு மேல் தரையில் கிடக்கும். நின்ற காய்களிலும் இலை உரசிய தழும்பு தோலில் இருக்கும். எனக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை. விற்கப் போவதில்லை, மரமும் தாங்க முடிகிற அளவுக்குத்தான் வைத்துக்கொள்கிறது. மேற்குப் பக்கம் சுவரோ அகத்தி வரிசையோ இருந்தால் நல்லது.

நிறுத்துவது என்றால் மரத்தைச் சாகவிடுவதல்ல. செம்மண்ணில் இரண்டு, மூன்று வாரம் போதும். களியில் கூடுதலாகப் பிடிக்கும். நண்பகலில் இலை சுருண்டு, சாயங்காலமும் நிமிராமல், கொஞ்சம் இலை உதிரத் தொடங்கினால் போதுமான வாட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மேல்மண்ணை லேசாகக் கிளறி, தொழுவுரமும் வேப்பம்பிண்ணாக்கும் போட்டு, முதல் தண்ணீரைக் குறைவாகவும் அடுத்ததை நிறையவும் விட வேண்டும். சில வாரங்களில் பூ வரும். சாயங்காலம் புறவாசல் கதவைத் திறந்தால் வீடு முழுக்க மணம். காய் பிடித்த பிறகு தண்ணீரை விட்டு விட்டு ஊற்றக்கூடாது. காய்ந்த மண்ணில் திடீரென்று வெள்ளமாகப் பாய்ச்சினால் காய் வெடிக்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட கன்றுக்கு இந்தப் பட்டினி வேண்டாம்.

பறிக்கும்போது நிறத்தை நம்பக்கூடாது. கடையில் பார்க்கிற மஞ்சளும் செம்மஞ்சளும் குளிர்ந்த இரவுகளின் வேலை. இரவும் புழுங்குகிற நம் ஊரில் தோலின் பச்சை முழுதாகப் போகாது, உள்ளே பழுத்திருந்தாலும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம், தோலில் வழவழப்பு, அடியில் கொஞ்சம் மஞ்சள் ஓட்டம் ஆகியவை என் அடையாளங்கள். மாம்பழம் போல வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்க முடியாது. பறித்த நாளில் உள்ள இனிப்புதான் கடைசி வரை. ஆகவே அவசரமில்லாமல் மரத்திலேயே விடலாம், ஒன்றிரண்டு பறித்துச் சுவைத்துப் பார்த்துக்கொண்டே. மிகவும் தாமதித்தால் சுளை காய்ந்து சக்கையாகும், விதை பழத்துக்குள்ளேயே முளைவிடும். வௌவாலும் அணிலும் இந்தக் கனத்த தோலை அதிகம் சீண்டுவதில்லை. பழத்தைத் துளைத்து உறிஞ்சும் அந்துப்பூச்சிகள்தான் இரவில் வரும். துளைபட்ட பழம் அந்த இடத்தில் அழுகி விழுந்துவிடும். நல்ல காய்களுக்குத் துணிப்பை கட்டிவிடுகிறேன்.

சாப்பிடும் முறையில் பாதிச் சுவை இருக்கிறது. கசப்புக்குக் காரணமான நரிஞ்சின் சுளையைச் சுற்றிய தோலிலும் வெள்ளைப் பஞ்சிலும்தான் அதிகம். சாத்துக்குடி போல அப்படியே கடித்தவர்கள் எல்லாம் "கசக்கிறதே" என்கிறார்கள். தோலை உரித்துச் சுளையை மட்டும் எடுத்து, கொஞ்சம் உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் போதும். உப்பு கசப்பை அமுக்கும். சாறு பிழிந்தால் உடனே குடித்துவிட வேண்டும், வைத்தால் கசப்பு ஏறும். எங்கள் ஆச்சி தோலை வீணாக்கமாட்டார். இரண்டு முறை வேகவைத்து நீரை வடித்துவிட்டு, நார்த்தங்காய் போடுகிற கணக்கில் ஊறுகாய் போடுவார். நார்த்தங்காயை அது வெல்லாது, தயிர்ச் சோற்றுக்குப் போதும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழை மரத்துக்கு ஒரு சோதனை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த அதே மழை. கால்வாய் நிறைந்து புறவாசலில் தண்ணீர் நின்றது. மேடு கட்டி நட்டதால் வேர் முழுதும் மூழ்கவில்லை. அப்படியும் பொங்கல் கழிந்து அடித்தண்டில் பிசின் வடிய ஆரம்பித்தது, ஒரு பக்கக் கிளை காய்ந்தது. பைட்டோப்தோரா என்ற பூஞ்சாணம் போன்ற நுண்ணுயிர் செய்கிற வேலை அது. பிசின் வடிந்த பட்டையைச் சுரண்டிவிட்டு, மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர் கணக்கில் போர்டோ பசை கலந்து தடவினேன். காய்ந்த கிளையை வெட்டினேன். அடுத்த ஆண்டு காய்ப்பு நன்றாகக் குறைந்தது, அதற்கடுத்து மீண்டுவிட்டது.

உப்புத் தண்ணீர் போர்வெல் மட்டுமே உள்ள வீடுகளில், குறிப்பாக ராதாபுரம், திசையன்விளை பக்கத்தில், இந்த மரம் வைக்க நான் யோசிப்பேன். இலை நுனி கருகிக்கொண்டே போகும். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலை சிறுத்தால், பெரும்பாலும் துத்தநாகக் குறை. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டில் அதில் பாதி சுண்ணாம்பு கலந்து, வடிகட்டித் தளிரின் மேல் தெளித்தால் சரியாகும்.

இந்த மரத்தின் பெரிய குறை தோட்டத்தில் இல்லை, மருந்துப் பெட்டியில் இருக்கிறது. கிரேப் ஃப்ரூட்டில் உள்ள சில பொருள்கள், குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகின்றன. விழுங்கிய மாத்திரை அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறும். 1989இல் கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு சாராயம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தபோது, சாராயத்தின் சுவையை மறைக்க இந்தச் சாற்றைக் கலந்தார்கள். அப்போது தற்செயலாக வெளிப்பட்ட விஷயம் இது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. காலையில் மாத்திரை, மாலையில் பழம் என்று பிரித்துத் தின்பதும் உதவாது. பழத்தின் விளைவு ஒரு நாளுக்கு மேல் நிற்கும். பப்ளிமாஸுக்கும் இதே எச்சரிக்கை. சாத்துக்குடியில் இந்தச் சிக்கல் இல்லை. என் அப்பா கொழுப்பு மாத்திரை எடுப்பவர். தினமும் தண்ணீர் ஊற்றுகிறார், ஒரு சுளை தின்பதில்லை.

அதனால் பழம் கொடுப்பதே எங்கள் வீட்டில் ஒரு விசாரணையாகிவிட்டது. நல்ல ஆண்டில் ஒரு சாக்குக்கு மேல் பழம் இருக்கிறது, தெருவில் பாதி வீட்டில் ஏதாவது ஒரு மாத்திரை ஓடுகிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம், "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? சீட்டைக் காட்டுங்கள்" என்று கேட்ட பிறகுதான் பழத்தை நீட்டுகிறேன். முதலில் அவருக்குக் கோபம். இப்போது அவரே சீட்டோடு வந்து, பெயரை நான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். தெளிவில்லாவிட்டால் மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். ஊறுகாய்க்கும் அதே விதிதான், தோலில் அந்தப் பொருள் இல்லாமல் இல்லை. ஆச்சியும் அவருடைய ஊறுகாயைத் தானே தொடுவதில்லை, பேரப்பிள்ளைகளுக்குத்தான் போடுகிறார்.

மாடித் தொட்டியில் வரும் என்று சொல்லி விற்கிறார்கள். உயிரோடு இருக்கும், ஒன்றிரண்டு காய்க்கவும் செய்யும். ஆனால் சித்திரை வெயிலில் டிரம்மின் மண் கொதித்து வேர் வெந்துவிடும், மேலே சொன்ன வாட்டமும் தொட்டியில் கைக்கு அடங்காது. தரையில் பதினைந்து அடி அகலம் ஒதுக்க முடியாதவர்கள் எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ளலாம்.