பாப்பர் தூண்டிலுக்கான ராடும் ரீலும்: வெளிநாட்டுப் பயணத்திற்கு எதைத் தேர்வது?

மாலத்தீவின் தென்பகுதிப் பவளத்தீவுகளுக்கு இருமுறையும், ஓமானின் ஹல்லானியாத் தீவுகளுக்கு ஒருமுறையும் பாப்பர் தூண்டிலுக்காக, அதாவது நீரின் மேற்பரப்பில் செயற்கை இரையை இழுத்துப் பெருமீன் பிடிப்பதற்காக, பயணம் செய்திருக்கிறேன். இம்மூன்று பயணங்களிலும் இரண்டு ராடுகளும் (தூண்டில் கோல்களும்) மூன்று ரீல்களும் (நூல் சுற்றும் கருவிகளும்) என் கையில் உழைத்தன. அவற்றில் சில என் நம்பிக்கையைக் காப்பாற்றின. சில நடுக்கடலில் கைவிட்டன. முதன்முறையாக இத்தகைய பயணத்திற்குக் கருவி வாங்க இருப்பவர்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் ராடைத் தேடும்போது மனத்தில் வைத்திருப்பது மீனை. ஜி.டி. என்று தூண்டில்காரர்கள் சுருக்கிச் சொல்லும் ஜயன்ட் ட்ரெவல்லி, அதாவது பாரை இனத்திலேயே மிகப் பெரியது, இவ்வகைத் தூண்டிலின் முதன்மை இலக்கு. 2006இல் ஜப்பானின் தொக்காராத் தீவுப் பகுதியில் பிடிபட்ட 72.8 கிலோ எடையுள்ள பாரைதான் உலகச் சாதனையாகப் பதிவாகியுள்ளது. அந்த மீனை எண்ணிக்கொண்டு கடைக்குச் செல்பவர், அங்கிருப்பவற்றில் மிகத் தடித்த ராடை வாங்கிவிடுகிறார். நானும் முதல் பயணத்திற்கு அப்படித்தான் வாங்கினேன். ஆனால் படகுக்கு வரும் பாரைகளில் பெரும்பாலானவை அந்தச் சாதனை எடையில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஒரு நாளில் மீனோடு போராடும் நேரம் சில நிமிடங்களே. எஞ்சிய எட்டு மணி நேரமும் 150 கிராம் எடையுள்ள லூரை, அதாவது செயற்கை இரையை, வீசுவதும் இழுப்பதுமாகவே கழிகிறது. ஆகவே ராடை மீனைப் பார்த்துத் தேராமல், நாள் முழுவதும் வீசப்போகும் லூரைப் பார்த்துத் தேர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பாப்பர் என்பது முகப்பில் கிண்ணம்போல் குழிந்த, மிதக்கும் லூர். ராடை ஒரு வீச்சாகப் பக்கவாட்டில் இழுக்கும்போது அந்தக் குழிவு நீரை வாரி முன்னே எறிந்து, ஆழ்ந்த ஓசையையும் பின்னால் நுரைத்தடத்தையும் உண்டாக்குகிறது. அந்த இழுப்பைத் தருவது ரீல் அன்று, ராடும் அதைப் பிடித்திருக்கும் தோளும்தான். நுனி அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் பாப்பர் நீரைப் பற்றாமல் துள்ளி உருளும். தளர்வாக இருந்தால் இழுப்பின் பாதி ராடின் வளைவிலேயே கரைந்துபோகும். நான் முதலில் வாங்கிய ராடு 200 கிராம் லூருக்கென வடிவமைக்கப்பட்டது. அதில் 120 கிராம் பாப்பரைக் கட்டி வீசியபோது ராடு வளையவே இல்லை. வளையாத ராடு லூரைத் தானாக எறிவதில்லை, வீசுபவரின் முதுகுதான் எறிகிறது. இரண்டாம் நாள் நண்பகலுக்குள் என்னால் தோளை உயர்த்த முடியவில்லை. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து லூரைத் துரத்திய அந்த மாலையில் நான் அணியத்தில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஏமாற்றம் இன்றும் மறக்கவில்லை.

ராடின் மீது எழுதியிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது அவசியம். 'பி.இ. 8' என்பது பிரெய்டு எனப்படும் பின்னல் நூலின் தடிமனைக் குறிக்கும் ஜப்பானிய அளவு. அது நேரடியாக வலிமையைக் குறிப்பதில்லை. பி.இ. 1 என்பது 200 டெனியர் (9,000 மீட்டர் நூலின் எடை கிராமில்) உள்ள நூல் என்பதால், பி.இ. 8 என்பது 1600 டெனியர், ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டம் கொண்டது. ஒரே எண்ணுள்ள நூல்களும் தயாரிப்பாளரைப் பொறுத்து வெவ்வேறு எடையில் அறுபடும். ஆகவே நூல் வாங்கும்போது இந்த எண்ணோடு அறுபடும் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பவளத்திட்டின் விளிம்பில் பாப்பர் வீச பி.இ. 8 பொருத்தமானது. பி.இ. 6 வீசுவதற்கு இனிமையாக இருக்கும், ஆனால் மீன் பாறைக்குள் பாயும்போது இடம் தராது. பி.இ. 10, மீன் மிகப் பெரிதாகவும் தரை மிகக் கரடாகவும் உள்ள இடங்களுக்கு மட்டும் போதும். சில தயாரிப்பாளர்கள் நூலளவுடனும் லூர் எடையுடனும், ராடை 45 பாகை சாய்வில் பிடித்திருக்கும்போது எத்தனை கிலோ டிராக்கை (மீன் இழுக்கும்போது நூல் ஓடுவதை ரீல் தடுக்கும் விசையை) தாங்கும் என்பதையும் அச்சிடுகிறார்கள். இந்த எண்ணைத் தரும் நிறுவனத்தின் மீது எனக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

நீளத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீண்ட ராடு தொலைவுக்கு வீசும் என்ற ஒரே காரணத்தால் எட்டரை அடி ராடைத் தேடுவோர் பலர். மீன் இழுக்கும்போது ராடு அதன் பக்கம் நின்று நமக்கு எதிராக வேலை செய்யும் நெம்புகோல். ராடின் அடியை இடுப்புப் பட்டையில் ஊன்றி, அங்கிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி முன்கை பிடித்திருப்பதாகவும், நூல் இறங்கும் புள்ளி இடுப்பிலிருந்து கிடைமட்டமாக ஒன்றரை மீட்டர் தள்ளி இருப்பதாகவும் கொள்வோம். மீன் 10 கிலோ விசையுடன் இழுத்தால் முன்கை தாங்க வேண்டியது 25 கிலோ. அதே ராடு நடுப்பகுதிவரை வளைந்து, நூல் இறங்கும் புள்ளி 1.2 மீட்டராகக் குறைந்தால், முன்கைக்கு வரும் சுமை 20 கிலோ. ஆகவே வீசும்போது நீளமாகவும் போராடும்போது குறுகியும் இயங்கும் ராடே நல்ல ராடு. ஏழரை அடிக்கும் எட்டேகால் அடிக்கும் இடைப்பட்ட ராடுகள் இதற்காகவே உருவாயின. படகின் அணியத்தில் நிற்பவருக்கு எட்டடி போதும். உயரம் குறைந்தவருக்கு ஏழடி எட்டு அங்குலம் இன்னும் நன்று. மீன் படகுக்கு அடியில் வந்ததும் ராடைச் செங்குத்தாக உயர்த்துவது எவ்வளவு விலையுயர்ந்த ராடையும் உடைத்துவிடும், ஏனெனில் முழுச்சுமையும் அப்போது மெல்லிய நுனிக்கு மாறிவிடுகிறது.

இனி வெளிநாட்டுப் பயணத்திற்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். உயர்தர பாப்பர் ராடுகளில் பெரும்பாலானவை கைப்பிடி மட்டும் கழலும் அமைப்புடையவை. கழற்றிய பின்னும் மேல்பகுதி 180 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். பல விமான நிறுவனங்கள் சரக்குப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பை வைத்திருக்கின்றன. அதைத் தாண்டும் குழாய்க்குத் தனிக் கட்டணமும் முன்னனுமதியும் தேவைப்படலாம். முதல் விமானம் ஏற்றுக்கொண்ட குழாயைத் தீவுகளுக்கிடையே செல்லும் சிறு விமானம் மறுப்பதும் உண்டு. என் முதல் பயணத்தில் ராடுக்குழாய் இடைமாற்று நிலையத்திலேயே தங்கிவிட்டது. படகு புறப்படும் கடைசி மணி நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. அன்று முடிவு செய்து, அடுத்த பயணத்திற்கு மூன்று துண்டுகளாகக் கழலும் எட்டடி ராடை வாங்கினேன். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர். உடைகளோடு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது.

துண்டு ராடு வளைவில் குறைபட்டது என்ற பேச்சு ஒருகாலத்தில் உண்மையாக இருந்தது. இன்று நல்ல தயாரிப்பில் அந்த வேறுபாட்டை என் கை உணரவில்லை. இணைப்புகளால் எடை சிறிது கூடுகிறது. வீசும்போது நுனி மீள்வதில் ஒரு மயிரிழை தாமதம் உண்டு என்று நுட்பமாகக் கவனிப்பவர் சொல்லலாம். அதற்கு ஈடாகப் பெறும் நிம்மதி மிகப் பெரியது. ஆனால் இணைப்புகளை மணிக்கொருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான வீச்சுகளில் அவை மெல்லத் திருகித் தளரும், தளர்ந்த இணைப்போடு வீசினால் ராடு அந்த இடத்தில் பிளந்துவிடும். இணைப்பில் சிறிது மெழுகு தேய்ப்பது தளர்வை வெகுவாகக் குறைக்கிறது. நூல் செல்லும் வளையங்களில் ஃபூஜி நிறுவனத்தின் கே வகைச் சட்டம் விரும்பத்தக்கது. அதன் சாய்வு, காற்றில் வளையத்தைச் சுற்றிக்கொள்ளும் பிரெய்டை முன்னோக்கி வழுக்கிவிடுகிறது. பயணத்திற்கு முன் பஞ்சை வளையங்களுக்குள் சுழற்றிப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது.

ரீலில்தான் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது என்பேன். ராடு உடைந்தால் படகில் இருப்பவர் யாரேனும் இரவல் தருவார். ரீலின் உள்ளுறுப்பு கெட்டால் கரையிலிருந்து இரு நாள் தொலைவில் அதைச் சீராக்க ஆளில்லை. என்னிடம் இருந்த ஒரு நடுத்தர விலை ரீல், இரண்டாம் நாளில் கைப்பிடி பின்னோக்கிச் சுழல்வதைத் தடுக்கும் உருளைக் கட்டுப்பாட்டை இழந்தது. மீன் லூரை அடித்த நொடியில் கைப்பிடி பின்னால் சுழன்று என் விரல் முட்டிகளைத் தாக்கியது, மீனும் போயிற்று. உப்புநீர் உள்ளே கசிந்ததே காரணம் என்று பின்னர் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. அதனால் இப்போது நீர்க்காப்பை முதலில் பார்க்கிறேன், டிராக்கின் உச்ச எண்ணை அதன் பிறகே பார்க்கிறேன்.

நான் இப்போது பயன்படுத்துபவை இரண்டு. ஒன்று 2019இல் வெளிவந்த தலைமுறையைச் சேர்ந்த ஷிமானோ ஸ்டெல்லா எஸ்.டபிள்யூ. 14000 எக்ஸ்.ஜி.; மற்றொன்று 2020இல் வெளிவந்த டைவா சால்டிகா 18000 எச். ஸ்டெல்லாவின் கியர் விகிதம் 6.2க்கு 1, கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 1.3 மீட்டருக்கு மேல் நூல் சுற்றுகிறது. பாப்பரை இழுத்தபின் தளரும் நூலை உடனே எடுத்துக்கொள்ள இது மிகவும் உதவுகிறது, நீருக்கடியில் வளைந்து நீந்தும் ஸ்டிக்பெயிட்டுக்கு இன்னும் பொருத்தம். ஆனால் பெரிய மீன் ஆழத்தில் நின்றுவிட்டால் இவ்வளவு உயர் விகிதத்தில் கைப்பிடியைச் சுழற்றுவது கடினம். சால்டிகாவின் விகிதம் சற்றுத் தாழ்வு, ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் உருளை) பெரிது; பி.இ. 8 நூலுக்கு ஏறத்தாழ 300 மீட்டர் அளவுக்கு இடம் தருகிறது. ஸ்டெல்லா 14000இல் பி.இ. 6 நூலே 300 மீட்டர்தான் கொள்ளும். டைவா தன் ரீல்களில் காந்தத்தால் நிறுத்தப்பட்ட எண்ணெய்ப் படலத்தைக் கொண்டு நீரைத் தடுக்கிறது. அந்தப் பகுதிகளை நாமே பிரித்து எண்ணெய் விடக் கூடாது. கருவியைத் தானே பிரித்துப் பராமரிக்க விரும்புபவர் இதை வாங்குமுன் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு ரீல்தான் என்றால் 18000 அளவையே பரிந்துரைப்பேன். 14000ஐவிட ஏறத்தாழ 200 கிராம் கூடுதல் எடை என்று பலர் தயங்குகிறார்கள். அந்த எடை கைக்கு நேர் கீழே அமர்ந்திருப்பதால் தோளை வாட்டுவதில்லை. நுனியில் கூடும் 20 கிராம்தான் வாட்டும். டிராக்கைப் பொறுத்தவரை, 25 கிலோ, 30 கிலோ என்ற உச்ச எண்கள் வாங்குவோரைக் கவர்கின்றன. நின்றபடி 10 கிலோ டிராக்கைத் தாங்குவதே பயிற்சி பெற்றவருக்கும் கடும் உழைப்பு. கவனிக்க வேண்டியது, நின்றிருக்கும் ஸ்பூல் முதல் அசைவில் எவ்வளவு மென்மையாக விடுகிறது என்பதும், குமிழைச் சிறிது திருப்பினால் விசை சிறிதளவே மாறுகிறதா என்பதும்தான். இவ்விரண்டிலும் மேற்கண்ட இரு ரீல்களும் சிறந்தவை.

நூலைச் சுற்றும்போது ஈரத்துணியால் அழுத்திப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய நூலுக்குள் மேல் நூல் புதைந்து, அடுத்த வீச்சில் நூல் அறுந்து லூர் பறந்துவிடும். லூருக்கு முன் கட்டும் தடித்த நூலான லீடராக 150 முதல் 200 பவுண்டு தாங்கும் நைலான் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், அதைப் பிரெய்டோடு இணைக்க எஃப்.ஜி. எனும் முடிச்சு. படகில் ஏறிய முதல் மாலை, வீசத் தொடங்குமுன், ராடை வளைத்த நிலையில் நூலின் முனையைத் தராசில் கட்டி டிராக்கை 8 கிலோவில் நிறுத்துகிறேன். காலையில் முதல் மீன் அடிக்கும்போது குமிழைத் தொட வேண்டிய தேவை எழுவதில்லை.