லொறிக் குழாயும் விமானக் குழாயும் ஒன்றுதான் என்றவரிடம் ஏமாந்தோம்

ஹட்டனுக்கு அருகே பழைய கொழுந்து மடுவம் ஒன்றில், இருவர் அமரக்கூடிய சிறு விமானமொன்றை நானும் என் மைத்துனரும் மூன்று வருடங்களாகப் பொருத்தி வருகிறோம். எரிபொருள் குழாய்களின் வாயை விரிக்கும் கருவி எங்களிடம் இல்லாததால், லொறிகளுக்கு ஹைட்ரோலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடையொன்றில் 3/8 அங்குல அலுமினியக் குழாய்கள் 11 உடன், எண்ணெய் நிரப்புவதற்காகப் பிரேக் சிலிண்டர்களையும் கொடுத்தோம். விரிவு 37 பாகையில் இருக்க வேண்டும் என்று தாளிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். "தம்பி, லொறிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? குழாய் குழாய்தானே" என்று சிரித்த முதலாளி, கூலியாக 48,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

குழாய்களைப் பொருத்திக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்திச் சவர்க்கார நீரைத் தடவியபோது, ஏழு இணைப்புகளில் குமிழிகள் எழுந்தன. கோணமானியை வைத்துப் பார்த்தால் எல்லாமே வாகனங்களுக்குரிய 45 பாகை. விமான இணைப்பின் கூம்பு 37 பாகை என்பதால், அப்படி விரித்த வாய் அதன்மேல் முழுவதும் படியாமல் மெல்லிய வளையமொன்றில் மட்டுமே தொடுகிறது. கசிவை நிறுத்த நட்டை இன்னும் முறுக்கினால் மென்மையான அலுமினியம் நசுங்கி, பிறகு இயந்திர அதிர்வில் வெடித்துவிடும். இதை மறைக்கத்தான் போலும், திருகுப் புரிகளில் வெள்ளை டெஃப்ளான் நாடாவையும் சுற்றியிருந்தார். கூம்பும் வாயும் பொருந்தித்தான் அங்கே கசிவு அடைபட வேண்டுமே தவிர, திருகுப் புரிகளால் அல்ல. அந்த நாடாவின் நகக்கண் அளவு துணுக்கொன்று எரிபொருள் வடிகட்டியின் வலையில் ஒட்டிக்கிடந்ததை மைத்துனர்தான் கண்டார். வடிகட்டிக்கு அப்பால் விழுந்திருந்தால் அது காபரேட்டருக்கே போயிருக்கும்.

பிரேக்கின் கதை இதைவிட மோசம். எங்கள் சிலிண்டர்களில் இருப்பவை நைட்ரில் ரப்பர் வளையங்கள். அவற்றுக்குச் சிவப்பு நிறக் கனிம ஹைட்ரோலிக் எண்ணெய்தான் ஆகும். அவரோ வாகனங்களுக்குரிய டொட் 3 பிரேக் ஒயிலை ஊற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரத்தில் பெடல் திரும்பி வர மறுத்தது. கழற்றினால், வளையங்கள் ஊறிய கடலையைப் போல உப்பி, விரலால் அழுத்தினால் அமுங்கின.

பணத்தைக் கேட்கப் போனபோது, "லொறி மலையேறி இறங்குதே, உங்களுக்கு மட்டும் ஓடாதா?" என்றார். லொறி வேலையில் அவர் கெட்டிக்காரர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் மேசைமேல் கிடந்த அவருடைய கருவியிலேயே 45 என்று பொறித்திருந்தது. கொடுக்கும் முன்பே அதைக் கேட்டு வாங்கிப் பார்க்காதது என் தவறு. இத்தகைய வேலையை வெளியே கொடுப்பவர்கள், வெட்டி எறியும் துண்டொன்றை முதலில் விரிக்கச் சொல்லிக் கோணத்தை அளந்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். எந்த எண்ணெய் ஊற்றப்போகிறார் என்பதைப் போத்தலைக் காட்டச் சொல்லியே உறுதிசெய்யுங்கள்.

பணம் இன்னும் வரவில்லை. 11 குழாய்களையும் கழித்துவிட்டு, 37 பாகைக் கருவியொன்றை நாங்களே வரவழைத்திருக்கிறோம்.