இரண்டே முக்கால் வருடம் ஒரு கார் சீட்டோடு: எல்லாம் சரி, அந்த பக்கிள் மட்டும்

கல்லூரித் தோழி நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பியிருந்தாள். எங்கள் காரில் இருக்கிற அதே குழந்தை சீட், இப்போது விலை குறைந்திருக்கிறதாம். "பையனுக்கு கூடை சீட் பத்தலைடி, தலை மேல வந்துடுச்சு. இதையே எடுத்துடவா? நீதான் ரொம்ப நாளா வச்சிருக்கியே" என்று கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பாப்பாவுக்கு பதின்மூன்று மாதம் இருந்தபோது இந்த சீட் வந்தது. இப்போது மூன்று வயது பத்து மாதம். சுழலும் வகை, ஐசோஃபிக்ஸ் (காரிலேயே இருக்கிற கம்பிகளில் சீட்டை நேராகக் கொக்கி போட்டு மாட்டும் முறை), தரையில் ஊன்றும் தாங்குகால், ஐந்து முனை பெல்ட், ஆர்129 (குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதி) முத்திரை. 105 செ.மீ உயரம் வரை தாங்கும். போன வாரம் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன், 101 வந்தது. இன்னும் ஏழெட்டு மாதத்தில் எங்களுக்கும் அடுத்த சீட் வேண்டும். தோழி கேட்ட கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கோபத்தில் எல்லாம் மறந்துவிடும்.

சீட்டைக் கதவுப் பக்கம் திருப்பி, பாப்பாவை எனக்கு நேராக உட்கார வைத்து, மாட்டிவிட்டு, பின்னோக்கி, அதாவது காரின் பின்பக்கம் பார்த்தபடி, திருப்பிப் பூட்டலாம். வாங்கும்போது இதை ஒரு ஆடம்பரம் என்றுதான் நினைத்தேன். பதினைந்து கிலோ குழந்தையைக் குனிந்தபடி தூக்கி, கதவுக்குள் பக்கவாட்டில் நுழைத்து, எதிர்ப்பக்கம் திருப்பி உட்கார வைப்பது இடுப்புக்கு என்ன செய்யும் என்பதை அம்மா வீட்டு காரில் இருந்த சுழலாத சீட்டில் ஒரு மாதம் பழகிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்த ஒரு வசதிக்காக இதை வடிவமைத்தவர்களுக்கு மனசார நன்றி.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. இத்தனை நாளும் இவள் பின்னோக்கியே பயணம் செய்திருக்கிறாள், அதில் அவளுக்குக் குறையே இல்லை. "காலு இடிக்குமே, திருப்பி வையேன்" என்று வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பாப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள், இல்லாவிட்டால் இரண்டு காலையும் காரின் பின்சீட்டு முதுகில் சாய்த்து நீட்டிக்கொள்கிறாள். தூக்கம் வந்தால் தலை பின்னால் ஓட்டில் (சீட்டின் கெட்டியான முதுகுக் கூடு) சாய்கிறது, முன்னால் தொங்குவதில்லை. கால் மடங்கியிருக்கிறது என்பதற்காக யாரும் குழந்தையை முன்னோக்கித் திருப்ப வேண்டாம். பார்க்க வேண்டியது தலையைத்தான். தலை உச்சிக்கும் ஓட்டின் மேல் விளிம்புக்கும் இடையில் எவ்வளவு மிச்சம் என்று அந்தந்த சீட்டின் கையேடு சொல்லும். அந்த அளவையோ, உயர எடை வரம்பையோ தாண்டினால்தான் சீட் சிறியதாகிவிட்டது என்று அர்த்தம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வயதில் தலை உடம்புக்குப் பெரிது, கழுத்தெலும்பு முழுசாகக் கெட்டிப்படவில்லை. நேர் மோதலில் முன்னோக்கி இருக்கும் குழந்தையின் உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் போகும். அந்த இழுவை முழுக்கக் கழுத்தில் விழும். பின்னோக்கி இருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் ஓடு ஒன்றாகத் தாங்குகிறது. ஸ்வீடன் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் விண்வெளி வீரர்களின் இருக்கையைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார். 1964இல் ஒரு வால்வோ காரில் முதல் மாதிரி சோதிக்கப்பட்டது. ஆர்129 விதிப்படி 15 மாதம் வரை பின்னோக்கி கட்டாயம். அது குறைந்தபட்சம்தான், 15 மாதம் ஆன மறுநாளே திருப்பச் சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2018இல் வயதுக் கணக்கை விட்டுவிட்டு, சீட்டின் வரம்பு முடியும்வரை பின்னோக்கியே வையுங்கள் என்று மாற்றிக்கொண்டது.

சரி, பக்கிள்.

ஐந்து முனை பெல்ட்டில் இரண்டு தோளிலிருந்தும் இரண்டு உலோக நாக்குகள் வரும். அவை தனித்தனியாகப் பூட்டாது. வலது நாக்கின் மேல் இடதைப் படிய வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. எல்லாப் பாகமும் சேர்ந்தால்தான் பூட்டவேண்டும், பாதி பூட்டிய நிலை என்று ஒன்று இருக்கவே கூடாது என்பது விதி. சிவப்புப் பொத்தான் கல் மாதிரி இருப்பதும் விதிப்படிதான். 40 முதல் 80 நியூட்டன் வரை, அதாவது ஏறக்குறைய நாலு முதல் எட்டு கிலோ அழுத்தம் கொடுத்தால்தான் திறக்க வேண்டும். குழந்தை தானே திறந்துவிடக் கூடாதே. இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

என் சண்டை பக்கிள் இருக்கிற பட்டையோடு. கால்களுக்கு நடுவே வருகிற அந்தப் பட்டை துவண்ட துணி. நிற்காது. சீட்டை விட்டு இறங்கியதும் பின்னால் சரிந்து படுத்துவிடும். அடுத்த முறை பாப்பா ஏறி நேராக அதன் மேலேயே உட்காருவாள். "எழுந்திரு கண்ணு, கொஞ்சம் தூக்கு" என்று அவள் தொடைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி பக்கிளை வெளியே இழுப்பேன். அதற்குள் இடது தோள் பட்டை முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். அதை எடுத்து வருவதற்குள் "நானே! நானே மாட்டுவேன்!" என்று இரண்டு நாக்கையும் பிடித்துக்கொள்வாள். நாக்குகள் இடம் மாறிப் படிந்திருக்கும், பூட்டாது. பிரித்துச் சேர்க்கப் பார்த்தால் உடம்பை வில்லாக வளைப்பாள். மழை பெய்கிறது, கதவு திறந்திருக்கிறது, என் முதுகு நனைகிறது. இது என்றைக்கோ ஒருநாள் நடந்த கதை இல்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குகிற குழந்தைக்கு, நாலு தடவையும் இதுதான். பட்டைகளை ஒதுக்கி வைக்க இருபக்கமும் எலாஸ்டிக் வளையம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருடத்தில் இரண்டும் தொளதொளத்துவிட்டன.

போன மாதம் இன்னும் மோசமானது. ஒரு காலையில் நாக்குகள் உள்ளே போயின, 'கிளிக்' சத்தம் வரவில்லை. பழக்கத்தில் இழுத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் கையோடு வந்துவிட்டது. அன்று இழுத்துப் பார்க்காமல் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. தயவுசெய்து ஒவ்வொரு முறையும் பூட்டியதும் இழுத்துப் பாருங்கள். காது கேட்டது போதாது.

கையேட்டை எடுத்துப் படித்தேன். பட்டையின் அடி நுனியில் ஒரு தட்டையான இரும்புத் தகடு இருக்கும். சீட்டுக்கு அடியில் கைவிட்டு அதைப் பக்கவாட்டில் திருப்பினால் இடுக்கு வழியாக பக்கிள் வெளியே வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, நீருக்கு அடியிலேயே பொத்தானை அமுக்கி அமுக்கி விட்டேன். தின்பண்டத் துகளும் காய்ந்த பழச்சாறு பிசினும் கரைந்து தண்ணீர் கலங்கி வந்தது. மூன்று தண்ணீர் மாற்றினேன். சோப்பு கூடாது, எண்ணெய் விடவே கூடாது. எண்ணெய் விட்டால் துகள் இன்னும் ஒட்டும். நன்றாகக் காயவைத்து மாட்டியதும் 'கிளிக்' திரும்பி வந்தது, புதிதாக வாங்கிய அன்று கேட்ட அதே சத்தம். தயாரிப்பாளருக்கு எழுதினேன். சுத்தம் செய்தும் பூட்டாவிட்டால் மாற்றித் தருகிறோம் என்று மரியாதையாகவே பதில் வந்தது. ஆனால் குழந்தைகள் வண்டியில் எதையாவது தின்பார்கள் என்பது இதை வரைந்தவர்களுக்குத் தெரியாதா? சிந்துகிற எல்லாம் நேராக விழுகிற இடத்தில், வாயை மேலே திறந்தபடி ஒரு பக்கிளை வைத்துவிட்டு, அதைக் கழற்றுகிற வழியைக் கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

இப்போது அடுத்த சீட். மூன்று வழி இருக்கிறது. ஐந்து முனை பெல்ட்டோடு முன்னோக்கி வைக்கும் பெரிய சீட், 125 செ.மீ வரை பின்னோக்கியே போகக்கூடிய நீளமான சீட், காரின் பெல்ட்டையே போட்டுக்கொள்ளும் உயர முதுகு பூஸ்டர்.

உண்மையைச் சொன்னால் என் மனசு முதலில் பூஸ்டருக்குத்தான் ஓடியது. அதில் இந்த பக்கிளே கிடையாதே! 100 செ.மீ முதல் என்று முத்திரையில் போட்டிருந்தது, இவள் 101. கடையில் அனுமதி கேட்டு எங்கள் காரிலேயே வைத்து உட்காரவைத்தேன். பெல்ட் போட்டதும் பெரிய மனுஷியாகிவிட்ட பூரிப்பு அவளுக்கு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தோள் பெல்ட்டுக்கு அடியிலிருந்து கையை உருவி வெளியே எடுத்துவிட்டாள். இடுப்பை முன்னால் சறுக்கிப் படுத்ததில் இடுப்பில் இருக்கவேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிட்டது. மோதலில் அந்தப் பெல்ட் இடுப்பெலும்பைப் பிடிக்காது, குடலைத்தான் அழுத்தும். தூங்கி வழியும்போதும், சலிப்பிலும் பயணம் முழுக்க நிமிர்ந்து உட்காரத் தெரிந்த குழந்தைக்குத்தான் பூஸ்டர். உயரம் வந்துவிட்டது, பக்குவம் வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெரிய சீட்டுகளில் ஒரு விஷயம் பலருக்குக் குழப்பம். ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டி, உள்பெல்ட்டோடு வருகிற ஆர்129 சீட்டுக்கு, சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோதான் உச்சவரம்பு. சுழலும் சீட் பதினான்கு கிலோ என்றால் குழந்தைக்கு மிச்சம் பத்தொன்பது. சுழலும் சீட்டெல்லாம் 105 செ.மீ பக்கம் வந்து நின்றுவிடுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அதனால்தான் 125 செ.மீ வரை பின்னோக்கிப் போகும் சீட்டுகள் பல காரின் பெல்ட்டாலேயே கட்டப்படுகின்றன. கட்டுவது சிரமம், இடமும் பிடிக்கும், சுழலாது.

அப்படி ஒன்றைத்தான் நான் முடிவு செய்திருக்கிறேன். முன் சீட்டை எவ்வளவு நகர்த்த வேண்டியிருக்கிறது, தாங்குகால் ஊன்றுகிற இடத்தில் தரைக்கு அடியில் சாமான் பெட்டி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தேன். (பெட்டி இருந்தால் அதன் மூடி மேல் ஊன்றக் கூடாது. காரின் கையேட்டில் சொல்லியிருப்பார்கள்.) அதற்குப் பிறகு பக்கிளுக்கு வந்தேன். கடைக்காரர் துணியின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், நான் பட்டையைப் படுக்கவைத்து விட்டுப் பார்த்தேன். தானே முன்னால் எழுந்து நின்றது! உள்ளே விறைப்பான உறை கொடுத்திருக்கிறார்கள். நாக்குகளில் சிறு காந்தம், ஒன்றையொன்று தேடிப் படிந்துகொள்கின்றன. பாப்பாவை உட்காரவைத்து ஒற்றைக் கையால் மாட்டினேன். மறுபடி கழற்றி மாட்டினேன். ஆறு தடவை. கடைக்காரர் பொறுமையாக நின்றார்.

தோழிக்குச் சில சின்ன விஷயங்கள்: பையனைக் கூட்டிக்கொண்டு போய், உன் காரிலேயே வைத்துப் பார். பின்னோக்கி இருக்கும்போது பட்டை தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வரணும், முன்னோக்கி என்றால் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. இறுக்கிய பிறகு தோள்பட்டையில் பட்டையைக் கிள்ளிப் பார், மடிப்பு கையில் சிக்கினால் இன்னும் தளர்வு. தடித்த மேலங்கியோடு மாட்டாதே. விலை குறைத்த பழைய சரக்கு என்றால் ஓட்டின் அடியில் தயாரிப்பு தேதியைப் பார்த்துக்கொள், சீட்டுக்கும் ஆயுள் உண்டு.

இதெல்லாம் அவளுக்கு போனில் சொல்லி முடித்தேன். சுழல்வதைப் பற்றியும், பாப்பா தூங்குகிற அழகைப் பற்றியும், ஓட்டின் உறுதியைப் பற்றியும் அவ்வளவு நல்லதாகச் சொன்னேன். "அப்ப எடுத்துடறேன்டி" என்றாள்.

"வேண்டாம், எடுக்காதே" என்றேன்.

"என்னடி இது, இவ்ளோ நேரம் புகழ்ந்துட்டு?"

"உன் பையனுக்கு ஒன்றரை வயசு. இன்னும் ரெண்டரை வருஷம், தினம் நாலு தடவை. அந்த பக்கிளை நீ ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்த்துட்டு அப்புறம் பேசு."

சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறாள், எங்கள் காரிலேயே மாட்டிப் பார்க்க.